கப்பலுக்கு ஒரு பித்தளை வேலி

ஒருவரின் தந்திரத்தையும் சாமர்த்தியத்தையும் வியந்து, "அவன் சரியான எம்டன்!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அச்சொல் ஒரு கப்பலின் பெயர் என்பதை இளைஞர் பலர் அறியமாட்டார்கள். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி வந்து குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. மூன்று புகைபோக்கிகளே உடைய அக்கப்பல், போலியாக நான்காவது ஒன்றையும் நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல் போலத் தோற்றம் காட்டி எதிரிகளை ஏமாற்றியதும் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியக் கப்பலின் தாக்குதலில் அது சிதைந்தது. கப்பல் அழிந்தது, பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

அந்த எம்டனை அண்மையில் என் தங்கை வீட்டு மேசைமீது கண்டேன். ஜெர்மனியின் ரெவல் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரிக் கப்பல் அது. பாலிடெக்னிக்கில் பயிலும் என் மருமகன் அதன் பாகங்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. அதில் வேலிகளும் ஏணிகளும் சிலந்தி வலைபோல் பின்னிக் கிடந்தன.

"காக்கா, கப்பலுக்குக் கொடுத்த காசு போதாதென்று அதன் வேலிக்கு வேறு காசாம். பாதி இரவு வரை இதே வேலைதான். நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று தங்கை முறையிட்டாள். கண்டிக்கும் எண்ணத்துடன்தான் அவன் அருகில் அமர்ந்தேன். எழுந்தபோது அந்த எண்ணம் என்னிடம் இல்லை.

பிளாஸ்டிக்கால் ஏன் இயலாது?

"பெட்டியிலேயே வேலி இல்லையா?" என்று கேட்டேன். அவன் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினான்.

உண்மையான எம்டனின் நீளம் ஏறத்தாழ 118 மீட்டர். மாதிரி, அதன் 350-இல் ஒரு பங்கு. எனவே சுமார் 34 செண்டிமீட்டர். இந்த அளவில் ஒரு மாலுமியின் உயரம் 5 மில்லிமீட்டர். அவன் கடலில் விழாமல் காக்கும் இடுப்பளவு வேலியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். ஓர் அங்குலப் பருமனுள்ள வேலிக் கம்பியோ, 0.07 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அது ஏறத்தாழ நம் தலைமயிரின் கனம்.

மாதிரிக் கப்பலின் பாகங்கள், உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுகின்றன. மயிரிழை போன்ற குறுகிய தடத்தில் அக்குழம்பு, கடைசிவரை சென்று நிரம்புமுன்னரே உறைந்துவிடும். நிரம்பினாலும் அச்சிலிருந்து எடுக்கும்போது முறிந்துவிடும். அரை மில்லிமீட்டர் கனத்தில் வார்த்தால் நிற்கும். ஆனால் அந்த அரை மில்லிமீட்டரை 350 மடங்கு பெருக்கிப் பாருங்கள்: பதினேழரை செண்டிமீட்டர்! கப்பலின் ஓரமெங்கும் மனிதனின் தொடையளவு பருமனில் தூண்களை நட்டதற்கு ஒப்பாகும். பித்தளைத் தகட்டின் கனமோ 0.1 மில்லிமீட்டர், பெருக்கினால் மூன்றரை செண்டிமீட்டர். உள்ளங்கையால் பற்றிக்கொள்ளத் தக்க கம்பி! உண்மைக்கு முற்றிலும் சமமன்று. எனினும் கண்ணுக்கு உறுத்தாத அண்மை.

ஒளியே உளியாகும் விந்தை

இத்தகைய தகட்டை எந்த உளியாலும் செதுக்க இயலாது. ஒளியும் அரிக்கும் நீர்மமுமே இங்கு உளிகள். இதற்கு 'போட்டோ எட்ச்சிங்' என்று பெயர். ஒளிவழி அரித்தல் எனலாம்.

முதலில் தகட்டைத் தூய்மை செய்து, அதன் இரு பக்கங்களிலும் ஒளிபட்டால் மாற்றமடையும் பூச்சு ஒன்றை ஏற்றுகின்றனர். வேலியின் வரைபடம் பதிந்த படச்சுருளை மேலும் கீழும் வைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகின்றனர். ஒளி பட்ட இடத்தில் பூச்சு இறுகும். படாத இடத்தில் இளகியே இருக்கும். இளகிய பகுதியைக் கழுவி அகற்றியபின், ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தகட்டின்மீது பீய்ச்சுகின்றனர். பூச்சின் பாதுகாப்பு இல்லாத இடங்களை அது தின்றுவிடுகிறது. இரு பக்கமும் திறந்திருந்தால் துளை விழும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் பாதிக் கனம் மட்டுமே அரிபட்டு, பள்ளமான கோடாக நிற்கும். மடிக்க வேண்டிய இடங்களை இக்கோடுகளே காட்டுகின்றன.

இக்கலையின் வேர் ஆழமானது. 15-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் கைவினைஞர்கள் போர்க்கவசங்களில் அமிலத்தால் சித்திர வேலை செய்தனர். 1820-களில் பிரான்சின் நியெப்ஸ், ஒளிபட்டால் இறுகும் ஒருவகை நிலக்கீலைப் பூசி, ஒளியின் துணைகொண்டே உலோகத் தகட்டில் படம் பதித்தார். இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்போட், குரோமிய உப்புக் கலந்த ஜெலட்டினைப் பயன்படுத்தி உலோகத்தைச் செதுக்கும் முறைக்கு 1852-இல் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் இம்முறை பெருந்தொழிலாயிற்று. நம் வீடுகளில் முன்பிருந்த வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாயினுள், நுண்துளைகள் நிறைந்த ஓர் உலோகத் திரை இருந்ததல்லவா? அதுவும் இவ்வாறு அரித்தெடுக்கப்பட்டதே. மாதிரி செய்வோருக்கான தகடுகளில் பெயர் பெற்ற எடுவார்ட் நிறுவனம், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் 1989-இல் தொடங்கியது.

கை கற்கும் பாடங்கள்

மருமகனின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. தகட்டில் ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் அதன் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் அவன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி ஒரு சாஸரில் போட்டுவிட்டான். மறுநாள் எது முன்பக்க ஏணி, எது பின்பக்க ஏணி என்று அவனுக்கே விளங்கவில்லை. மிக நீண்ட வேலித்துண்டு ஒன்றை விரல்களாலேயே வளைக்கப் போய், அது கசங்கிய நூலாயிற்று. தகட்டையும் கப்பலையும் சேர்த்துக் குப்பையில் எறிய நினைத்ததாக அவனே கூறினான். ஒரு வாரம் எதையும் தொடவில்லை. பின்னர் மீண்டும் அமர்ந்து அவன் கற்றவை, இக்கலையில் ஈடுபடும் எவருக்கும் பயன்படும்.

தேவையான பாகத்தை மட்டும், தேவையான வேளையில் வெட்ட வேண்டும். மெத்தென்ற பரப்பில் வெட்டினால் தகடு வளையும். கண்ணாடி அல்லது தரை ஓடு போன்ற கடினப் பரப்பில் வைத்துக் கூரிய கத்தியால் அழுத்த வேண்டும். வெட்டிய இடத்து எச்சத்தை நுண்ணிய அரத்தால் தேய்க்க வேண்டும். மடிக்கும்போது விரலை நம்பலாகாது. கோட்டை ஒட்டி ஓர் எஃகு அளவுகோலால் அழுத்திப் பிடித்து, மற்றொரு தட்டையான அலகால் ஒரே சீராக நிமிர்த்த வேண்டும். பெரும்பாலும் அரித்த பள்ளம் மடிப்பின் உட்புறம் அமையும். முன்னும் பின்னுமாக இருமுறை மடித்தால் தகடு முறிந்துவிடும். வளைவான பாகமாயின், தீச்சுடரில் சூடாக்கி ஆறவிட்டால் பித்தளை இளகிக் கொடுக்கும்.

பிளாஸ்டிக்கை ஒட்டும் வழக்கமான பசை இங்கு உதவாது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது, உலோகத்தைக் கரைக்காது. ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசையை ஊசி முனையால் தொட்டு, புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். வேலியின் நீளத்தை முதலில் காகித நாடாவால் கப்பலின் ஓரத்தில் அளந்து, பிறகே பித்தளையை வெட்ட வேண்டும். வழவழப்பான பித்தளையில் வண்ணம் நிற்காது. எனவே எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி நீக்கி, பிரைமர் பூசியபின் வண்ணம் தீட்ட வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

"அப்படியானால் எல்லாவற்றையும் பித்தளையிலேயே செய்துவிடலாமே?" என்று கேட்டேன். "இல்லை மாமா, தகடு தட்டையானது. பீரங்கிக் குழல் உருண்டையானது. தகட்டால் குழல் செய்தால் அது தட்டைக் குச்சியாகத்தான் தெரியும். அதற்குப் பிளாஸ்டிக்கே மேல்" என்றான். வேலி, ஏணி, கம்பி வலை போன்ற மெல்லியவற்றுக்கே பித்தளை. உருட்சியும் திரட்சியும் உடையவற்றுக்கு அல்ல. வாங்கிய தகட்டிலுள்ள எல்லாவற்றையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்று முப்பரிமாண அச்சு முறையும் வந்து உருண்டையான நுண்பாகங்களைத் தருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய இடம் எது என்று தெரிந்து பயன்படுத்துவதே கைத்திறன்.

பெற்றோர் கவனத்திற்கு

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. வெட்டும்போது பித்தளைத் துணுக்குகள் தெறித்துக் கண்ணில் படலாம். கண்ணாடி அணிவது நலம். கீழே விழுந்த துணுக்கு, தவழும் குழந்தையின் வாய்க்குள் போகக்கூடும். வேலை முடிந்ததும் தரையைக் கூட்டியே ஆக வேண்டும். சயனோஅக்ரிலேட் பசை விரல்களை நொடியில் ஒட்டிவிடும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பசைக்கும் வண்ணங்களுக்கும் காற்றோட்டமான அறை தேவை. செலவைப் பொறுத்தவரை, முதல் மாதிரிக்கே பித்தளைத் தகடு வாங்கத் தேவையில்லை. இரண்டு மூன்று மாதிரிகளை அப்படியே செய்து கை பழகியபின், ஒரு சிறு தகட்டிலிருந்து தொடங்கலாம்.

நான் அமர்ந்திருந்த வேளையில் மருமகன் ஒட்டியது ஒரு விரல் நீள வேலி மட்டுமே. அதற்குள் மூன்று முறை அளந்தான். ஒருமுறை ஒட்டியதைப் பெயர்த்து மீண்டும் ஒட்டினான். "கோணலாக இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றேன். "எனக்குத் தெரியுமே, மாமா" என்றான். பாடசாலையில் பல்லாண்டுகளாக மாணவர்களின் எழுத்தைத் திருத்திவரும் எனக்கு, அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

தங்கையிடம் சொன்னேன்: "இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல். ஆனால் மேசையை மட்டும் அப்புறப்படுத்தாதே." பிள்ளைகள் செய்வதை வீண் விளையாட்டு என்று ஒதுக்குமுன், அவர்கள் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து பார்ப்போமாக.