வெள்ளிப் பெரணிக்கு எத்தனை பெயர்?

கோடை விடுமுறையில் திருவண்ணாமலைக்கு வந்து மலையேறியவர்களுக்கு நினைவில் நிற்பது சுடும் பாறைதான். வெறுங்காலை வைக்க முடியாது. அந்தப் பாறை இடுக்குகளில், சருகுபோல் சுருண்டு, விரல் நீளமே உள்ள சில செடிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தபின் அதே இடத்திற்குப் போய்ப் பாருங்கள். சருகுகள் விரிந்து, பச்சை நிறத்தில், சின்னஞ்சிறு பனையோலை விசிறிகளாக நிற்கும். மயில்சிகை என்பது இதன் பெயர். தாவரவியலார் ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா என்பார்கள். பனைக்கும் இதற்கும் உறவில்லை. இது பூக்காத, காய்க்காத பெரணி வகைச் செடி.

பெரணி என்றதும் ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? உங்கள் பாடப்புத்தகமும் ஈரமும் நிழலும் உள்ள இடத்தையே சொல்கிறது. அது தவறன்று. பெரணியின் ஸ்போர் விழுந்து முளைத்தால் முதலில் வருவது பெரணியே அல்ல. நகத்தைவிடச் சிறிய ஒரு பச்சைத் தகடு. அதில் தோன்றும் ஆண் செல்கள் முட்டைச் செல்லை நீந்தித்தான் அடைய வேண்டும். மெல்லிய நீர்ப்படலமாவது இல்லாமல் இது நடவாது. அப்படியிருக்க, பாறையில் வாழும் பெரணிகள் என்ன செய்கின்றன? இந்தக் கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் காய்ந்த மயில்சிகை இலை ஒன்றைப் புத்தகத்திற்குள் வைத்து மறந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் தட்டில் நீர் ஊற்றி அதில் போட்டேன். மாலைக்குள் அழகாக விரிந்துவிட்டது. மறுநாள் வகுப்பில், “செத்த செடி பிழைத்துவிட்டது” என்று பெருமையோடு காட்டினேன். தாவரவியல் துறை நண்பர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். “விரிந்தது சரி சார், உயிர் இருக்கிறதா?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இலையின் இரு பக்கமும் நீரை உறிஞ்சி ஒரே அளவில் உப்புவதில்லை. அதனால்தான் அது சுருள்கிறது, விரிகிறது. உயிரற்ற இலையும் விரியக்கூடும். நனைந்தால் மூடி, காய்ந்தால் விரியும் பைன் மரத்துக் காய்க்கு உயிரா இருக்கிறது? ஓர் இயற்பியல் ஆசிரியன் இதை மறந்திருக்கக் கூடாது. செடி பிழைத்ததா என்று அறிய, வேரோடு இருக்கும் இடத்திலேயே மழைக்குப்பின் புது இலைச்சுருள் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். மயில்சிகையில் கிளம்பத்தான் செய்கிறது. நீரின் பெரும்பகுதியை இழந்தும் அதன் செல்கள் சாவதில்லை. ஆனால் அதற்கு என் தட்டு சாட்சியாகாது.

அதன்பின் பெரணி விஷயத்தில் தோற்றத்தை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்து மாட்டியது வெள்ளிப் பெரணி.

மாணவர்களைக் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஜவ்வாது மலைப்பாதையில் வண்டி நின்றபோது, ஒரு மாணவி மண்சரிவில் நின்ற பெரணி இலையைத் தன் முன்கையில் வைத்து அழுத்தி எடுத்தாள். இலையின் வடிவம் வெள்ளையாக, அச்சடித்ததுபோல் பதிந்திருந்தது. இலையின் அடிப்புறம் முழுவதும் மாவு! சுரப்பிகள் வெளியிடும் மெழுகு போன்ற பொருள் அது. வறட்சியில் இலை சுருளும்போது அடிப்புறம் வெளியே வரும். அப்போது இந்த மாவு வெயிலைத் திருப்பி அனுப்பி நீரிழப்பையும் குறைக்கிறது எனக் கருதுகிறார்கள்.

இதன் பெயர் என்ன என்று நண்பரைக் கேட்டேன். “எந்த ஆண்டின் பெயர் வேண்டும்?” என்று திருப்பிக் கேட்டார்!

லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கால், டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு அரேபியா சென்று, 1763-ல் யேமனில் மலேரியாவால் இறந்தார். அவருக்கு வயது 31. குழுவில் உயிர் தப்பிய ஒரே ஒருவரான நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775-ல் வெளியிட்டார். அதில்தான் மாவுப் பெரணி ‘டெரிஸ் ஃபரினோசா’ என்ற பெயரோடு முதலில் அச்சேறியது. ஃபரினோசா என்றால் மாவு படிந்தது. இலையின் ஓரம் மடிந்து ஸ்போர்ப் பைகளை மூடியிருப்பதைக் கண்டு டெரிஸ் என்றார்கள். பிறகு கவுல்ஃபுஸ் என்பவர் அதைக் கீலாந்தெஸ் பேரினத்திற்கு மாற்றினார். 1852-ல் ஃபே என்ற பிரெஞ்சுக்காரர், மாவுள்ளவற்றுக்குத் தனிப் பேரினம் தேவை என்று அலூரிட்டாப்டெரிஸை உண்டாக்கினார். இன்னொரு குழப்பமும் உண்டு: யேமனின் செடியும் இந்தியாவின் செடிகளும் ஒரே சிற்றினந்தானா என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

மாவு, ரோமம், செதில், சுருளும் இலை ஆகிய அடையாளங்களை நம்பித்தான் பாறைப் பெரணிகளைப் பிரித்து வந்தார்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் டி.என்.ஏ. ஆய்வு வந்தது; கணக்கு தவறிவிட்டது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பெரணிகள், ஒரே வறட்சிக்கு ஆளானதால், ஒரே வேடம் போட்டிருந்தன. கீலாந்தெஸ் என்பது ஒரு குடும்பத்தார் அல்லர், ஒரே சீருடை அணிந்த பலர். இந்தச் சிக்கலைத் தீர்க்க, 2018-ல் சிலர் இவை அனைத்தையும் ஹெமியோனிட்டிஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே இருப்பது நம் குன்றுகளில் வளரும் ஒரு பெரணி. அதன் இலை பிளவுபடாமல், வெற்றிலைபோல் இதய வடிவில் இருக்கும், மாவும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவினர் என்று யாரும் சொல்ல மாட்டோம். இந்த இணைப்பை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கும் இது பெட்டியில் இடமில்லாததால் எல்லாவற்றையும் மூட்டை கட்டியதுபோல்தான் தோன்றுகிறது.

பெயரைவிட உறுதியான ஓர் எண் உண்டு. பெரும்பாலான பெரணிகளின் ஸ்போர்ப் பை ஒரே செல்லில் தொடங்குகிறது. அது 2, 4, 8, 16 எனப் பிரியும். பின் ஒவ்வொன்றும் குன்றல் பிரிவில் நான்காகும். 16 × 4 = 64 ஸ்போர்கள். ஆனால் பாறைப் பெரணிகள் பலவற்றில் 32 மட்டுமே இருக்கின்றன. எட்டுச் செல்களான பின் வரும் பிரிவு முழுமையாவதில்லை. குரோமோசோம்கள் இரட்டிப்பாகின்றன, செல்கள் எட்டாகவே நிற்கின்றன. பிறகு 8 × 4 = 32. இரட்டித்தது பாதியாவதால், ஸ்போரில் தாய்ச் செடிக்கு உள்ள குரோமோசோம் எண்ணிக்கையே இருக்கும். ஆகவே கருவுறுதல் வேண்டாம்! பச்சைத் தகட்டின் சாதாரணச் செல்களிலிருந்தே புதுச் செடி கிளம்பும். நீந்த நீர் தேடும் வேலை இல்லை. மேலே விட்ட கேள்விக்கு விடை இதுதான். திருவனந்தபுரத்தில் ஆபிரகாம், நைனான், மாத்யூ மூவரும் தென்னிந்தியப் பெரணிகள் நூற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1962-ல் வெளியிட்டார்கள். இத்தகைய கணக்குகளுக்கு இங்கே அடித்தளம் அதுதான்.

நீங்களும் எண்ணலாம். இலையின் ஒரு சிறு துண்டு போதும், செடியைப் பிடுங்காதீர்கள். வெடிக்காத பை ஒன்றை நீர்த்துளியில் வைத்து, கண்ணாடித் தகட்டால் நசுக்கி, நுண்ணோக்கியில் பாருங்கள். விளக்கின் சூட்டருகே மட்டும் வைத்துவிடாதீர்கள். பையைச் சுற்றி ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்ட செல்களாலான வளையம் உண்டு. உள்ளிருக்கும் நீர் ஆவியாக, அச்செல்களின் மெல்லிய வெளிச்சுவர் உள்ளே இழுபட்டு, வளையம் வில்போல் பின்னால் வளையும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும். இழுவிசை ஏறத்தாழ 90 வளிமண்டல அழுத்த அளவை எட்டும்போது நீர் அறுந்து குமிழி தோன்றும். வில் படீரென்று திரும்பி, ஸ்போர்களை வினாடிக்குப் பத்து மீட்டர் வேகம் வரையில் எறியும். 2012-ல் அதிவேகக் கேமராவால் இதைப் படம் பிடித்தார்கள். கவண் நடுவழியில் நின்றால்தான் கல் பறக்கும். மனிதன் செய்த கவணில் அதற்கு ஒரு குறுக்குக் கட்டை உண்டு. இங்கே வளையச் சுவரினுள் நீர் மெல்ல நகர்வதே அந்தத் தடையைக் கொடுக்கிறது.

நான் முதலில் விளக்கை அருகில் வைத்து ஒரு பை நிறைய ஸ்போர்களை இழந்தேன். இரண்டாவது பையில் எண்ணியபோது 31 வந்தது. ஒன்று ஊசியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.