கேட்கத் தெரிந்தவர் முன்னேறுவார்

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் அழைக்கப்படுகிறது. "வந்தேன்" என்று நாம் குரல் கொடுக்கிறோம். கிராணியார் பதிவேட்டில் ஒரு குறி இடுகிறார். அந்தச் சிறு குறியிலிருந்தே நமது சம்பளம், விடுப்பு, சேமநிதி, சொக்சோ பாதுகாப்பு ஆகிய அனைத்தும் கணக்கிடப்படுகின்றன. குறி தவறினால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பே கணக்கில் வராமற் போகும். ஆட்களைச் சேர்த்தல், வேலையைப் பங்கிடுதல், ஊதியம் வழங்குதல், பயிற்சி அளித்தல், குறைகளைக் கேட்டல் ஆகிய இப்பணிகளைத்தான் இன்று மனிதவள நிர்வாகம் என அழைக்கின்றனர். நமது நாட்டில் தொழில் அமைச்சு என்றிருந்த பெயரே 1990 ஆம் ஆண்டில் மனிதவள அமைச்சு என மாற்றப்பட்டது.

"இது படித்தவர்களின் வேலை, பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். அவ்வாறு நினைப்பது சரியா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கற்ற பாடம்

முதலில் என் தவறு ஒன்றைக் கூறிவிடுகிறேன். 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் தொழிலாளர் உரிமைகளைப் பற்றிப் பேசச் சென்றிருந்தேன். கூட்டம் முடியும் நேரத்தில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் எழுந்து, மகப்பேற்று விடுப்பு எத்தனை நாள் என்று வினவினார். பல ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய விடையை நான் தயங்காமல் சொன்னேன்: "60 நாள்."

பின் வரிசையில் நின்றிருந்த இளம்பெண் ஒருவர் கையை உயர்த்தினார். அவர் அத்தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் எழுதுபவர். பால்வெட்டுத் தொழிலாளியின் மகள். "ஐயா, இவ்வாண்டு சனவரி முதல் 98 நாள் என்று படித்த நினைவு. தயவுசெய்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பார்த்தேன். அவர் சொன்னதே சரி. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்திருந்தது. மேடையில் நின்ற நான் தலை குனிந்தேன். ஆனால் என் வெட்கத்தைவிடப் பெரியது அந்தத் தாய்க்கும் சேய்க்கும் உரிய 38 நாட்கள். ஒருவர் கேள்வி கேட்கத் துணிந்ததால் அந்நாட்கள் காப்பாற்றப்பட்டன.

கூட்டத்திற்குப் பின் அப்பெண்ணிடம், "இதை எங்கே கற்றீர்?" என்று கேட்டேன். தம் கைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தொழிலாளர்கள் கேட்டு, தமக்கு விடை தெரியாத கேள்விகளையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். விடை கிடைத்ததும் அதைத் தேதியுடன் எதிரே குறித்திருந்தார். அவ்வளவுதான்.

எனக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு யாது? எனக்குப் பயிற்சியும் பதவியும் இருந்தன. அவரிடம் "எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்வேன்" என்னும் மனம் இருந்தது. தெரியும் என்று எண்ணியவுடன் கற்பது நின்றுவிடுகிறது. மனிதவளப் பணியில் அதன் நட்டத்தைப் பெரும்பாலும் வேறொருவரே சுமக்கிறார்.

விதிகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை

அதே 2023 திருத்தத்தால் தீபகற்பத்தில் வாரத்தின் உச்ச வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தகுதியுள்ள மணமான ஆண் தொழிலாளருக்கு, குழந்தை பிறக்கும்போது 7 நாள் சம்பள விடுப்பு ஏற்பட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாக இருந்தது. 2025 ஆம் ஆண்டில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆகவே பத்தாண்டுகளுக்கு முன் கற்றதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இன்று சம்பளப் பட்டியல் எழுத முடியாது. இத்துறையில் அனுபவம் பெரிய செல்வமே. ஆயினும் புதியதை ஏற்காத அனுபவம், தீட்டப்படாத உளியைப் போன்றது. அது மரத்தையும் கெடுக்கும், பாலையும் குறைக்கும்.

நமது தொழிலே ஆவலில் பிறந்தது

உளி என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1877 ஆம் ஆண்டில் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அக்காலத்தில் மரத்தை ஆழமாகக் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் மரம் புண்பட்டது. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, "மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுக்க வழியில்லையா?" என்று கேட்டார். பலமுறை சோதித்துப் பார்த்தார். பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை அடுத்தடுத்துத் திறந்தால் மரமும் பிழைக்கும், பாலும் பெருகும் என்று கண்டார். தோட்டக்காரர்கள் பலர் அவரைப் பித்தர் என்று எள்ளினர். மலாக்காவில் டான் சே யான் 1896 ஆம் ஆண்டில் துணிந்து இரப்பர் பயிரிட்டார். இன்று நாம் கையாளும் வெட்டு முறைக்கு அடிப்படை, ஒருவர் விடாது கேட்ட அந்தக் கேள்வியே.

எங்கிருந்து தொடங்குவது?

முதலாவதாக, உங்கள் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வரியும் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்பதும், சாதாரண நாளில் மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு என்பதும் சட்டம். தம் சீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பிறர் சீட்டையும் விளக்கத் தெரியும்.

இரண்டாவதாக, பக்கத்து வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். பால் நிறுக்கும் இடத்தில் கணக்கு எப்படி எழுதப்படுகிறது, கங்காணியார் நிரைகளை எப்படிப் பங்கிடுகிறார், அலுவலகக் கணினியில் பதிவு எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். மலாய் மொழியில் தடையின்றி எழுதவும் கணினியைக் கையாளவும் பழகுங்கள்.

மூன்றாவதாக, மனிதர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். இன்று நம்முடன் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் எனப் பலர் உழைக்கின்றனர். அவர்கள் மொழியில் நான்கு சொற்களேனும் அறிந்தவரிடம் அவர்கள் மனம் திறந்து பேசுவர். எனினும் ஆவல் வேறு, வம்பு வேறு. பிறருடைய சம்பளத்தையும் நோயையும் குடும்பச் சிக்கலையும் வெளியில் பேசுபவர் இப்பணிக்கு ஏற்றவர் அல்லர்.

அனுபவத்திற்கும் சான்றிதழ் உண்டு

பள்ளிப் படிப்பு குறைந்தவர்கள் மனம் தளர வேண்டுவதில்லை. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகா, மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. அதைப் பெறுவதற்குரிய வழிகளில் ஒன்று, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறையாகும். பல ஆண்டுகள் செய்த வேலைக்குரிய சான்றுகளைத் திரட்டிக் காட்டுபவரின் திறன் மதிப்பிடப்படுகிறது. அலுவலக நிர்வாகம் போன்ற துறைகளிலும் இச்சான்றிதழ் உண்டு.

மேலும், சட்டத்திற்கு உட்பட்ட துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், அவர்களுடைய சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு வரியாகச் செலுத்த வேண்டும். இப்பணம் முதலாளியுடையது, தொழிலாளரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அது தொழிலாளர்களின் பயிற்சிக்கே உரியது. உங்கள் தோட்டம் அதில் பதிந்துள்ளதா, எந்தப் பயிற்சிக்கு அனுப்புவர் என்று நிர்வாகத்திடம் பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

சான்றிதழ் பெற்ற மறுநாளே நாற்காலி கிடைத்துவிடும் என்று நான் கூறமாட்டேன். எல்லாத் தோட்டங்களிலும் அத்தனை பதவிகள் இல்லை. ஆனால் ஆட்களை நிர்வகிக்கும் திறன் தோட்டத்தோடு முடிவதன்று. தொழிற்சாலை, மருத்துவமனை, கடை என எங்கெங்கு மனிதர் கூடி உழைக்கின்றனரோ அங்கெல்லாம் அது தேவைப்படும். தோட்டம் விற்கப்பட்டாலும் கூடவே எடுத்துச் செல்லக்கூடிய சொத்து அது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். மரக்கிளைக்கு அது பொருந்தலாம். மனித மனத்திற்குப் பொருந்தாது. நாற்பதைக் கடந்த நான் ஓர் இளம்பெண்ணிடம் பாடம் கற்றேன். அன்று முதல் என் சட்டைப் பையிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பதும் நம் முன்னோர் சொன்னதே. நாளைக் காலை பெரட்டுக்குச் செல்லுமுன் நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை அதன் முதற்பக்கத்தில் எழுதுங்கள்.