அணுமின்சாரம்: உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

2025 டிசம்பர் 17-ஆம் தேதி மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் ஒரு மசோதாவை நிறைவேற்றின. ‘சாந்தி’ என்ற சுருக்கப் பெயர் கொண்ட இந்தச் சட்டம், 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், 2010-ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் இரண்டையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்துக்கு வந்தது. அரசு நிறுவனங்களின் கையில் மட்டுமே இருந்த அணுமின் உற்பத்தியில் இனி தனியாரும் இறங்கலாம். 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்பது மத்திய அரசின் இலக்கு. சட்டம் வந்தபோது நாட்டின் மொத்த அணுமின் திறன் ஒன்பதாயிரம் மெகாவாட்டைக்கூட எட்டவில்லை.

கூடங்குளத்தை ஒட்டிய இடிந்தகரைக்கும் பெருமணலுக்கும், கல்பாக்கத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களுக்கும் இது டெல்லியோடு முடிந்துபோகிற செய்தி அல்ல. அணு உலை வேண்டும் என்பவரானாலும் வேண்டாம் என்பவரானாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தகவல் கிடைக்கும்? என் கருத்தை எங்கே பதிவு செய்யலாம்? விபத்து நேர்ந்தால் இழப்பை யார் ஈடுகட்டுவார்?

தற்சார்பு எவ்வளவு தூரம்?

அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. நிலக்கரியைப் போலப் புகை கக்காது. காற்று ஓய்ந்த மாதத்திலும் சூரியன் மறைந்த இரவிலும் உலை ஓடும். கூடங்குளத்தில் இயங்கும் இரண்டு உலைகளும் தலா ஆயிரம் மெகாவாட் திறன் கொண்டவை. அவற்றின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கே வருகிறது. 2012-இல் மணிக்கணக்கான மின்வெட்டில் தறிகளும் பட்டறைகளும் நின்றதை மறக்காதவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் தற்சார்பு என்ற முழக்கத்தை அப்படியே ஏற்பதற்கு முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். நாம் வெளிநாட்டிலிருந்து மிக அதிகமாக வாங்கும் எரிபொருள் கச்சா எண்ணெய். அது பெரும்பாலும் வண்டி ஓட்டவும் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. அணு உலை தருவது மின்சாரம். வாகனங்கள் மின்சாரத்துக்கு மாறும் வரை அணு உலையால் எண்ணெய் இறக்குமதி பெரிதாகக் குறையாது. கூடங்குளத்துக்கான செறிவூட்டிய யுரேனியம் ரஷ்யாவிலிருந்து வருகிறது. வேறு சில உலைகளுக்கான யுரேனியத்தைக் கஜகஸ்தானிடம் வாங்கியிருக்கிறோம். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலும் ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியிலும் சுரங்கங்கள் இருந்தாலும், அங்கே கிடைக்கும் தாது தரம் குறைந்தது.

நம்முடைய சொந்த எரிபொருள் என்று சொல்லத்தக்கது தோரியம். கேரள, குமரிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவில் அது இருக்கிறது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் தோரியத்தின் முறை கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. இரண்டாம் கட்டத்துக்கான 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் கல்பாக்கத்தில் 2004-இல் தொடங்கியது. அதன் உலை மையத்தை நிரப்பும் வேலை ஆரம்பித்தது 2024 மார்ச்சில். தற்சார்பு நெடுங்காலப் பயணம் என்பதற்கு இந்த இருபது ஆண்டுகளே சாட்சி. அந்தப் பெயரைச் சொல்லி இன்றைக்கே மக்களின் கேள்விகளை அடக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆபத்தின் அளவு

செர்னோபில் (1986), ஃபுகுஷிமா (2011) போன்ற விபத்துகள் அபூர்வம். கூடங்குளம் உலைகள் செர்னோபில் வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைச் சுற்றி உறுதியான கான்கிரீட் கவசக் கட்டடம் இருக்கிறது. அதேசமயம் சின்னச் சின்னக் கோளாறுகளும் கவனிக்க வேண்டியவை. 2014 மே மாதம் அங்கே வெந்நீர் பீறிட்டு ஆறு தொழிலாளர்கள் காயமடைந்தனர். 2019-இல் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீம்பொருள் புகுந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பாதிப்பில்லை என்று இந்திய அணுமின் கழகம் விளக்கியது. ஆனால் அப்படி ஒரு ஊடுருவல் நடக்கவே முடியாது என்றுதான் முந்தின நாள் நிலையத்தின் தரப்பில் சொல்லியிருந்தார்கள்.

கழிவு இன்னொரு கவலை. எரிந்து முடிந்த எரிபொருள் பல ஆண்டுகள் உலைக் கட்டடத்துக்குள்ளேயே நீர்த்தொட்டியில் குளிர வேண்டும். அதன் பிறகு வைப்பதற்கு உலைக்கு வெளியே ஒரு கிடங்கு வேண்டும். 2013 மே 6-இல் கூடங்குளத்துக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், பதினைந்து நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. கழிவுக் கிடங்கு அதில் முக்கியமானது. அதைக் கட்டி முடிக்க 2018-இல் மேலும் நான்கு ஆண்டு அவகாசம் தர வேண்டி வந்தது. கழிவை நிரந்தரமாக அடக்கம் செய்யும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் எங்குமே இல்லை.

இழப்பீடு: எழுத்தில் இருப்பது என்ன?

விபத்து நடந்தால் உலையை நடத்தும் நிறுவனம் அதிகபட்சம் 1,500 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது 2010 சட்டம். புதிய சட்டம் உலையின் வெப்பத் திறனை வைத்து 100 கோடி முதல் 3,000 கோடி வரை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறது. கூடங்குளம் உலை ஒவ்வொன்றின் வெப்பத் திறன் ஏறத்தாழ 3,000 மெகாவாட். ஆகவே அதற்கான வரம்பு பழைய 1,500 கோடியேதான். பதினைந்து ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு எவ்வளவு சரிந்தது என்பது மளிகைக் கடைக்குப் போகிற எவருக்கும் தெரியும். நிறுவனத்தின் பங்குக்கு மேல் மத்திய அரசு தரும். ஒரு விபத்துக்கான மொத்த வரம்பு 30 கோடி எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது நான்காயிரம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

ஃபுகுஷிமாவின் மொத்தச் செலவை 2016-இல் ஜப்பான் அரசு 21.5 லட்சம் கோடி யென் என்று மதிப்பிட்டது. நம் பணத்தில் பத்து லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ஜப்பானில் உலையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பே கிடையாது.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. உலையின் பாகத்தில் குறை இருந்து விபத்து நேர்ந்தால், இழப்பீடு கொடுத்த நிறுவனம் அந்தப் பணத்தைப் பாகம் தந்த நிறுவனத்திடம் திரும்பக் கேட்கலாம் என்று 2010 சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொன்னது. போபால் விஷவாயுக் கசிவில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1989-இல் 47 கோடி டாலரோடு கணக்கு முடிக்கப்பட்ட அநீதியின் பாடம் அந்தப் பிரிவு. புதிய சட்டத்தில் அது இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே சேதம் விளைவித்திருந்தாலோதான் திரும்பக் கேட்க முடியும். அந்தப் பிரிவு இருந்ததால் வெளிநாட்டு நிறுவனங்கள் வரத் தயங்கின என்கிறது அரசு. தயங்கியது உண்மைதான். அந்தத் தயக்கத்தைப் போக்கிய விலை மக்களின் தலையில் விழுந்திருக்கிறது என்பதும் உண்மை. இந்தப் பிரிவு திரும்பி வர வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள். அவர் மக்களவையில் என்ன பேசினார், என்ன நிலை எடுத்தார் என்றும் கேளுங்கள்.

தகவல் பெறும் வழி

இந்திய அணுமின் கழகத்திலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திலும் பொதுத் தகவல் அலுவலர்கள் இருக்கிறார்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு செய்யலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் மறுத்தாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்தச் சட்டத்தின் விதிவிலக்கின்படி மறுத்தால், பொதுநலன் மேலோங்கும்போது தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவை மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள். “உலை பாதுகாப்பானதா?” என்று பொதுவாகக் கேட்காமல், “கடந்த மூன்று ஆண்டுகளின் சுற்றுச்சூழல் கதிர்வீச்சு அளவீடுகளின் நகல் வேண்டும்” என்று ஆவணத்தைச் சுட்டிக் கேட்பதே பலன் தரும்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு 1989-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தபோது கருத்துக்கேட்பு என்ற விதியே இல்லை. இப்போது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அணுமின் நிலையத்துக்குக் கூட்டம் கட்டாயம். அதில் உங்களுக்கு உள்ள பிடிமானங்கள் இவை:

- கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு, தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும்.
- சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். அதன் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும்.
- நேரில் வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள்.
- கூட்டம் முடியும்போது, பேசியவற்றின் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அப்போதே எழுந்து சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள். பிறகு நீதிமன்றம் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான்.
- அனுமதி வழங்கப்பட்டால் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

கிராம சபைத் தீர்மானத்தால் இத்தகைய திட்டத்தைத் தானாக நிறுத்திவிட முடியாது. ஆனாலும் அது வழக்கில் ஆவணமாக நிற்கும்.

இந்த உரிமையே இப்போது தேய்கிறது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் கலந்த கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் கூட்டம் அறிவித்தார்கள். கடற்கரை ஊர்களின் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பர் 8-இல், அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு இனி கருத்துக்கேட்பே வேண்டாம் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. தமிழ்நாடு முதல்வர் எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறும் வரை குரல் கொடுக்க வேண்டிய கடமை எல்லாக் கட்சிகளுக்கும் இருக்கிறது.

அவசரநிலை வந்தால்

நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்டப் பகுதி. நிலையத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கான அறிவிப்பைத் தருபவர் மாவட்ட ஆட்சியர். அறிவிப்பு வந்ததும் வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னல்களை அடையுங்கள். தண்ணீரையும் சமைத்த உணவையும் மூடி வையுங்கள். வெளியே இருந்து வந்தவர் உடை மாற்றிக் குளிக்க வேண்டும். சோதித்துச் சொல்லும் வரை உள்ளூர்ப் பால், கீரை, மீன் வேண்டாம். அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொன்னால் மட்டுமே போட வேண்டும். அது தைராய்டு சுரப்பியை மட்டும் காக்கும். அயோடின் உப்பு அதற்கு மாற்று ஆகாது. ஃபுகுஷிமா நேரத்தில் சீனாவில் உப்புக்காகக் கடைகளில் முண்டியடித்தது வீண் பீதி. உங்கள் ஊருக்கான ஒன்றுகூடும் இடம், வெளியேறும் பாதை, கடைசியாக ஒத்திகை நடந்த நாள் மூன்றையும் ஊராட்சியில் கேட்டு வாங்கி, பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள்.

இழப்பீடு கோரச் சொத்துச் சேதத்துக்கு 10 ஆண்டும் உடல் பாதிப்புக்கு 20 ஆண்டும் வரம்பு. வழக்கமான சிவில் நீதிமன்றத்துக்குப் பதில், இதற்கென நியமிக்கப்படும் இழப்பீட்டு ஆணையரிடம் போக வேண்டும். புற்றுநோய் இருபது ஆண்டுக்கும் பிந்தி வரக்கூடும். பட்டா, படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை, மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றின் நகலை வெளியூர் உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

போராடுவதும் உரிமைதான். 2011-க்குப் பிறகு கூடங்குளத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில்கூட வழக்குப் போட்டார்கள். அவற்றைத் திரும்பப் பெற முயலுமாறு உச்ச நீதிமன்றமே தன் 2013 தீர்ப்பில் சொன்னது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. அதற்கான ஆபத்தைச் சுமக்கும் ஊர்களுக்குத் தகவலும் பேச்சுரிமையும் முழு இழப்பீடும் தர நாடு கடன்பட்டிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.