அமைதியை எழுதும் கை யாருடையது?



சேரி தாக்கப்பட்ட பிறகு தாலுகா அலுவலகத்தில் நடக்கும் சமாதானக் கூட்டங்களை நாம் அறிவோம். அங்கே அமைதி என்றால் பல நேரங்களில் புகாரைத் திரும்பப் பெறுவது என்றே பொருள். அமைதிக்கு யார் பொருள் சொல்கிறார்கள் என்ற இந்தக் கேள்வியோடுதான் வட அயர்லாந்தின் மோனிகா மெக்வில்லியம்ஸை நாம் படிக்க வேண்டும்.

பிரிட்டனோடு நீடிக்க விரும்பிய புராட்டஸ்டண்ட் தரப்புக்கும் ஒன்றுபட்ட அயர்லாந்து கோரிய கத்தோலிக்கத் தரப்புக்கும் இடையே முப்பதாண்டுகள் நீடித்த மோதலில் சுமார் 3,500 பேர் மாண்டனர். 1996இல் பேச்சுவார்த்தைக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வந்தது. இருந்த கட்சிகள் பெண்களை முன்னிறுத்தவில்லை. குடும்ப வன்முறையை ஆய்வு செய்துவந்த பல்கலைக்கழக ஆசிரியர் மெக்வில்லியம்ஸ், சமூகப் பணியாளர் பேர்ல் சாகர் முதலான பெண்கள் சில வாரங்களிலேயே ‘பெண்கள் கூட்டணி’ என்ற கட்சியைக் கட்டினர். முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர் புராட்டஸ்டண்ட்.

கிடைத்த வாக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு. ஆனால் தொகுதி இடங்கள் போக, அதிக வாக்குப் பெற்ற முதல் 10 கட்சிகளுக்குத் தலா 2 இடம் என்று விதி இருந்தது. அதனால் இருவரும் பேச்சுவார்த்தைக்குள் நுழைந்தனர். நம் நாட்டுத் தேர்தல் முறையில் அந்த வாக்குகள் வீணாகியிருக்கும். 1932இல் அம்பேத்கர் இடங்களின் எண்ணிக்கையோடு நிற்காமல், யார் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது என்பதற்காகவும் ஏன் போராடினார் என்பது இங்கே விளங்கும்.

அவையில் அவர்களைப் பார்த்து மாடுபோல் கத்திக் கேலி செய்த ஆண்கள் இருந்தனர். இவர்கள் எழுந்து போகவில்லை. ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய கட்சிகளையும் விலக்காமல் பேச வேண்டும் என வாதிட்டனர். 1998 ஏப்ரல் 10 உடன்பாட்டில் பெண்களின் முழுமையான அரசியல் பங்கேற்பு, பாதிக்கப்பட்டோர் நலன், இரு தரப்புக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், கலந்து வாழும் குடியிருப்புகள் ஆகியவை இடம்பெற்றதில் இவர்களின் உழைப்பு உண்டு.

அதே ஆண்டு சட்டமன்றத்துக்குத் தேர்வான மெக்வில்லியம்ஸ் 2003இல் தோற்றார். 2006இல் கட்சி கலைந்தது. 2005 முதல் 2011 வரை மனித உரிமை ஆணையத்துக்கு அவர் தலைமை வகித்தார். ஆனால் இன்றும் அங்கே பெரும்பாலான குழந்தைகள் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கின்றனர். காகிதத்தில் ஏறிய வரி தானாக நடந்துவிடாது. அதை நடத்திவைக்க அமைப்பு வேண்டும்.

ஊரும் சேரியுமாகப் பிரிந்த மண்ணில் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. அடுத்த சமாதானக் கூட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் உட்கார வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தையும் அவர்களே சொல்ல வேண்டும்.