முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரத்தம் சொல்லும் சேதி

"டாக்டர், அப்பாவால் மறுபடியும் நடக்க முடியுமா?"

முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை முடிந்ததும் குடும்பத்தார் கேட்கும் கேள்வி இது. ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த செர்டாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையும் உள்ளன. அத்தகைய இடங்களில் உறவினரைப் பார்க்கப் போன மாணவர்கள், தாதியர் அடிக்கடி இரத்தம் எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி அந்த இரத்தத்தில் இருக்கிறது.

உடலுக்குள் நடப்பதை அளந்து காட்டும் பொருள்களை உயிர்க்குறிப்பான்கள் என்பர். அவற்றுள் பலரும் அறிந்தது சி.ஆர்.பி. எனும் புரதம். 1930இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் இது கண்டறியப்பட்டது. உடலில் அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் இதை அதிகமாகச் சுரக்கும்.

அறுவைச் சிகிச்சையும் உடலுக்கு ஒரு காயம்தான். அதனால் 2 அல்லது 3ஆம் நாளில் சி.ஆர்.பி. உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கி, பொதுவாக 2 வாரங்களுக்குள் இயல்பு நிலைக்குத் திரும்பும். எனவே 3ஆம் நாள் அளவு கூடியிருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. இறங்கிய அளவு மீண்டும் ஏறினால்தான் மருத்துவர்கள் கிருமித்தொற்றைச் சந்தேகிப்பர். ஓர் எண்ணைவிட, அது போகும் திசையே முக்கியம்.

சில சேதிகள் அறுவைக்கு முன்பே கிடைக்கும். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்கள் வாழ்வதால், எச்பிஏ1சி பரிசோதனை கடந்த 2, 3 மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும். அது கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும். தொற்று அபாயமும் கூடும். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. ஆகவே இது நம் வீட்டுக் கதையும்கூட.

நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் புரதமும் இப்போது ஆராயப்படுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர். முதுகுத்தண்டில் அடிபட்ட 2,600க்கும் மேற்பட்டோரின் வழக்கமான இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கணினி கொண்டு அலசினர். காயத்தின் கடுமையையும் உயிராபத்தையும் முதல் சில நாள்களிலேயே கணிக்க அவை உதவும் என 2025இல் அறிவித்தனர்.

ஆனால், கணிப்பு தீர்ப்பு அல்ல. உடற்பயிற்சிச் சிகிச்சை, சத்துணவு, நோயாளியின் மனவுறுதி ஆகியவற்றை இரத்தக் குப்பி அளப்பதில்லை. அது யாருக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதை முன்கூட்டியே காட்டும், அவ்வளவுதான்.

மருத்துவராக மட்டுமே இத்துறைக்குள் நுழைய முடியும் என்று எண்ண வேண்டாம், மாணவர்களே. உயிரியல், புள்ளியியல், கணினி அறிவியல் மூன்றுக்கும் இங்கே வேலை இருக்கிறது.