இரவில் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?

யானைக்கால் நோய் என்றதும் வீங்கிப் பருத்த ஒரு கால்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அப்படிக் கால் வீங்கிய ஒருவர் தெருவில் இருந்தால், அந்த வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விடாத பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கால் வீங்கியவர்களில் பலருடைய இரத்தத்தில் புழுவின் குடம்பிகளே இருப்பதில்லை. எந்த வருத்தமும் இல்லாமல் பாடசாலைக்கும் கடைக்கும் போய்வருகிறவர்களின் இரத்தத்தில்தான் அவை பெரும்பாலும் இருக்கின்றன. நுளம்பு நோயை எடுத்துச் செல்வது இவர்களிடமிருந்துதான்.

இலங்கையில் இந்நோயை ஏற்படுத்தி வந்த முக்கிய ஒட்டுண்ணி, வுச்செரேரியா பாங்க்ரொப்டி என்னும் நூல் போன்ற புழு. வளர்ந்த புழு நிணநீர்க் கலன்களுக்குள் பல வருடங்கள் உயிர்வாழும். பெண்புழு இலட்சக்கணக்கான நுண்ணிய குடம்பிகளை ஈன்று இரத்தத்தில் விடும். நமது நோயெதிர்ப்புத் தொகுதியை இப்புழு அடக்கி வைத்துவிடுவதால் காய்ச்சலோ வலியோ தெரியாது. ஆனால் உள்ளே நிணநீர்க் கலன்கள் மெல்ல மெல்ல விரிந்து பழுதாகிக்கொண்டிருக்கும். வீக்கம் வெளியே தெரியவரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

அறிகுறியே இல்லாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது? 1877இல் சீனாவின் அமோய் நகரில் பணியாற்றிய பற்றிக் மன்சன் என்ற வைத்தியர், நோய்த்தொற்றுள்ள தன் தோட்டக்காரரை நுளம்புகள் கடிக்கவிட்டு, அந்த நுளம்புகளின் உடலில் குடம்பிகள் வளர்வதைக் கண்டார். (இன்று யாரும் இதற்கு அனுமதி கொடுக்கமாட்டார்கள்!) பின்னர் அவர் இன்னொன்றையும் கவனித்தார். பகலில் எடுத்த இரத்தத்தில் குடம்பிகள் அரிது. இரவில் எடுத்ததில் ஏராளம். பகல் முழுவதும் அவை நுரையீரலின் குருதிக்கலன்களில் தங்கியிருந்து, இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் தோலுக்கு அருகே கூட்டமாக வருகின்றன. அவற்றைக் காவும் கியூலெக்ஸ் நுளம்பு கடிக்கும் நேரமும் இரவுதான். பகலில் தூங்கி இரவில் வேலை செய்கிறவரின் உடலில் சில நாட்களில் இந்த நேரம் தலைகீழாக மாறிவிடும் என்பது எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் இரவுக் காவலாளி ஒருவருக்கு நள்ளிரவில் பரிசோதனை செய்து பயனில்லை அல்லவா?

சுகாதார உத்தியோகத்தர்கள் இரவில் வீடு வீடாக வருவதன் காரணம் இதுதான். விரல் நுனியில் குத்தி 60 மைக்ரோலீற்றர் இரத்தம் எடுத்து, கண்ணாடி வழுக்கியில் தடித்த படலமாகப் பூசி உலர விடுவார்கள். பிறகு நீரில் அமிழ்த்திச் செங்குழியங்களை வெடிக்கச் செய்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். வளர்ந்தவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த ஒரு துளி, மொத்தத்தில் சுமார் 83,000இல் ஒரு பங்கு. குடம்பிகள் குறைவாக உள்ளவர் இதில் எளிதாகத் தப்பிவிடலாம்.

இந்தக் குறையை நிரப்ப வந்தது அன்டிஜன் பரிசோதனை. கொவிட் காலத்தில் நாம் பார்த்தது போன்ற சிறிய பட்டிதான். வளர்ந்த புழு வெளிவிடும் பொருளை இது கண்டறிவதால் பகலிலும் செய்யலாம். பத்து நிமிடங்கள் போதும். 2002 முதல் 2006 வரை கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம் ஆகிய 8 மாவட்டங்களிலும் வருடம் ஒருமுறை அனைவருக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று அறிய, பின்னர் 6, 7 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். பெரியவரின் உடலில் இருப்பது பழைய தொற்றாக இருக்கலாம். மாத்திரை கொடுத்த காலத்தில் பிறந்த பிள்ளைக்குத் தொற்று இருந்தாலோ, அது அண்மையில் பரவியதுதான். 2016இல் உலக சுகாதார அமைப்பு, இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உறுதிப்படுத்தியது. கிருமி அடியோடு அழிந்துவிட்டது என்பது அதன் பொருளல்ல.

எங்கள் வீடுகளில் தயக்கம் வருவது இந்த இடத்தில்தான். "பிள்ளைக்குக் காய்ச்சல்கூட இல்லையே, எதற்கு ஊசி?" என்பார் உம்மா. குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு அந்நிய ஆண்கள் வருவதை வாப்பா விரும்பமாட்டார். தொற்று என்று தெரிந்தால் நாளை கல்யாணப் பேச்சில் இடிக்குமோ என்ற பயமும் உண்டு. முதலிரண்டையும் நான் குறை சொல்லமாட்டேன். வாப்பாவும் உம்மாவும் பக்கத்தில் இருக்க, விறாந்தையில் வைத்தே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை அது. மூன்றாவதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையால் குடம்பிகளை இல்லாமற் செய்யலாம். கண்டுபிடிக்காமல் விட்டால் அதே பிள்ளையின் கால் பிற்காலத்தில் வீங்கக்கூடும்.

பட்டி வந்த பிறகும் இரவுப் பரிசோதனை ஏன் நிற்கவில்லை? இலங்கையில் பல தசாப்தங்களாகக் காணப்படாமலிருந்த புறூகியா மலாயி என்ற இன்னொரு புழு, இந்த நூற்றாண்டில் மீண்டும் தென்படத் தொடங்கியிருக்கிறது. இதைக் காவுவது மன்சோனியா நுளம்பு. மன்சனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களின் வேர்களைத் துளைத்து அதன் குடம்பிகள் சுவாசிக்கின்றன. நாய், பூனைகளின் இரத்தத்திலும் புறூகியா வாழக்கூடும். அன்டிஜன் பட்டிக்கு இந்தப் புழுவை அடையாளம் தெரியாது. அதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த இன்னும் அந்த இரவுத் துளியும் நுணுக்குக்காட்டியும்தான் வேண்டியிருக்கின்றன.