புதிய லாரியும் கிராமத்துப் பட்டறையும்

கிராமத்தின் விளைபொருள் சந்தையை அடைவதற்குச் சாலை எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது அச்சாலையில் ஓடும் லாரி. தக்காளியும் வாழைத்தாரும் தேங்காயும் கரும்பும் நிலத்தில் விளைந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் மண்டிக்கோ ஆலைக்கோ போய்ச் சேர்ந்தால்தான் உழைப்புக்குப் பயன் கிட்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றவை. அவ்வூர்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும், கடன் பெற்று ஒன்றிரண்டு லாரிகளை வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்போர் பலர் உளர். விவசாயிகள் சிலரும் உழவுத் தொழிலோடு லாரித் தொழிலையும் சேர்த்து நடத்துகின்றனர்.

இவர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு மனக்குறை வளர்ந்து வருகிறது. "பழைய வண்டியே மேல்" என்பது அவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல். இச்சொல்லில் எவ்வளவு உண்மை இருக்கிறது, புதிய லாரி ஏன் இவ்வாறு அமைந்தது, உரிமையாளரும் ஊராட்சியும் செய்யத்தக்கவை யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

முறையீடுகள் மூன்று

ஊராட்சிகளுக்குச் செல்லும்போது நாம் கேட்கும் முறையீடுகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, கண்ணுக்குப் புலப்படும் குறை எதுவுமின்றி வண்டி தளர்ந்துவிடுகிறது என்பது. எஞ்சின் ஓடுகிறது, புகை இல்லை, விபரீத ஓசையும் இல்லை. ஆயினும் டிரைவரின் முன் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. சற்று நேரத்தில் வண்டியின் இழுவிசை குறைந்துவிடுகிறது. தக்காளிக் கூடைகளை ஏற்றி நடுவழியில் நிற்பவனுக்கு அந்த விளக்கின் பொருள் விளங்குவதில்லை.

இரண்டாவது, ஊர்ப் பட்டறையில் அதைச் சரிசெய்ய இயலவில்லை என்பது. முன்பெல்லாம் எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் இருந்தனர். இன்று அவர்களிடம் கைத்திறன் இருக்கிறது; ஆனால் வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியும் அதற்குரிய மென்பொருளும் இல்லை. எனவே நகரத்திலுள்ள கம்பெனிப் பணிமனைக்கே போகவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை என்பது. சிறு உரிமையாளருக்கு இதுவே பெருந்துன்பம். பல லாரிகள் உடையவர் ஒன்று நின்றால் மற்றொன்றை அனுப்புவார். ஒரே லாரி உடையவரின் குடும்ப வருமானம் அன்றே நின்றுபோகும்.

லாரி ஏன் மாறியது?

டீசல் புகை வெறும் கரி மட்டுமன்று. அதிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் உட்புறம் வரை செல்ல வல்லவை. 2012-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என வகைப்படுத்தியது. அப்புகையை நாள்தோறும் முதலில் சுவாசிப்பவர்கள் டிரைவரும் கிளீனரும் பட்டறைத் தொழிலாளரும் சாலையோரத்தில் குடியிருப்போருமே ஆவர்.

இக்காரணம் பற்றியே நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் எனப்படும் புகைத் தர விதிகள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டன. பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் படியைத் தாண்டி நேரே ஆறாம் படிக்குச் செல்வதென 2016-இல் அரசு முடிவு செய்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வாகனங்களையே விற்கலாம் என்றாயிற்று. கனரக டீசல் எஞ்சின் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களின் வரம்பு, ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 3.5 கிராமிலிருந்து ஏறத்தாழ 0.4 கிராமாகக் குறைக்கப்பட்டது. டீசலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. மூன்றாண்டு இடைவெளியில் இவ்வளவு பெரிய தாவல் நிகழ்ந்தது. வண்டி மாறிய வேகத்தில் பட்டறை மாறவில்லை. துன்பத்தின் வேர் இதுவே.

புதிய உறுப்புகள் மூன்று

புதிய லாரியின் எஞ்சினைச் சுற்றி மூன்று அமைப்புகள் இருப்பதை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உயர் அழுத்த டீசல் அமைப்பு. லாரி டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கும் அதற்கு மேலும் அழுத்தப்பட்ட டீசல், இன்ஜெக்டரின் மிக நுண்ணிய துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. எவ்வளவு, எப்பொழுது பீய்ச்சுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. இத்துளைகளுக்குத் தூசியும் தண்ணீரும் பகை. பம்புசெட்டுக்கென்று பீப்பாயில் சேமித்த டீசலையும் துருப்பிடித்த கேனில் கொணர்ந்த டீசலையும் பழைய எஞ்சின் ஓரளவு பொறுத்துக்கொண்டது. புதிய எஞ்சின் பொறுக்காது.

இரண்டாவது, கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. சைலன்சர் இருந்த பகுதியில் இது அமைந்துள்ளது. இதில் சேரும் கரியை அவ்வப்பொழுது ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இது பெரும்பாலும் தானாகவே நடைபெறும். வயலிலிருந்து மண்டிக்குக் குறுகிய தூரம் செல்லும் வண்டியிலும், ஆலை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் காத்திருக்கும் கரும்பு லாரியிலும் போதிய வெப்பம் ஏறாது, கரி அடைத்துக்கொள்ளும். அப்பொழுதுதான் விளக்கு எரிகிறது. அந்நிலையில் வண்டியை நிறுத்தி, கையேட்டில் கூறியவாறு கரியை எரித்துத் தூய்மை செய்தல் வேண்டும். அதை இடையில் நிறுத்துவதும், விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும் சிறு வேலையைப் பெருஞ்செலவாக்கும். வைக்கோல், சருகு, காய்ந்த புல் ஆகியவற்றின் மீது வண்டியை நிறுத்தி இதைச் செய்யலாகாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. களத்துமேட்டில் வண்டி நிறுத்துவோர் இதை மறத்தல் கூடாது.

மூன்றாவது, யூரியாக் கரைசல் அமைப்பு. வழக்கில் இதை ஆட் ப்ளூ என்கிறோம். 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி தாது நீக்கிய நீரும் சேர்ந்தது இக்கரைசல். சூடான புகையில் பீய்ச்சப்படும்போது இது அம்மோனியாவாகி, தீய நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. நூறு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 லிட்டர் செலவாகும். கரைசல் தீர்ந்தாலும் தரங்கெட்டாலும் கணினி முதலில் எச்சரிக்கும்; பின்னர் எஞ்சினின் திறனைக் குறைக்கும்; அதன்பின் வண்டி ஊர்ந்து செல்லும் நிலைக்கு வந்துவிடும்.

உர யூரியா வேண்டாம்

இங்கு விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. "வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கலந்து ஊற்றினால் என்ன?" என்று கேட்போர் உளர். உரத்துக்கான யூரியாவில் 2015 முதல் வேம்பு பூசப்பட்டே வருகிறது; வேறு கலப்புகளும் உண்டு. கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு உப்புகள் மிகுதி. இவை படிந்து, புகையைத் தூய்மை செய்யும் விலையுயர்ந்த உறுப்பையே பாழாக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்ப் பல்லாயிரம் ரூபாய் இழப்பதே முடிவாகும். மேலும், பயிருக்கென்று மானியத்தில் வழங்கப்படும் யூரியாவை வேறு காரியத்துக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றமாகும்.

நல்ல கரைசலையும் வெயிலில் வைத்தல் தகாது. 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஓராண்டு கெடாதிருக்கும் கரைசல், 35 பாகையில் ஆறு மாதமே தாங்கும். எண்ணெய் இருந்த டின்னிலோ இரும்பு, செம்புப் பாத்திரங்களிலோ அதை ஊற்றி வைக்கலாகாது.

குறுக்கு வழியின் விலை

தொல்லை தாளாமல் சிலர் இவ்வமைப்புகளையே துண்டித்து, கணினியை ஏமாற்றும் கருவியைப் பொருத்திக்கொள்ள எண்ணுகின்றனர். அதை மலிவாகச் செய்து தருவதாகக் கூறுவோரும் உளர். அவ்வாறு செய்த வண்டிக்குக் கம்பெனியின் உத்தரவாதம் கிட்டாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவின்படி, புகைத் தரத்தை மீறி வண்டி ஓட்டுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இவற்றுக்கு மேலாக, நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துசெல்லும் சாலையிலேயே அப்புகை படிகிறது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முறையீட்டில் உள்ள நியாயம்

இவ்வாறு கூறுவதால் உரிமையாளரின் குறை பொய்யென்று ஆகிவிடாது. தூய புகை வேண்டும் என்பது வேறு. பழுதுபார்க்கும் அறிவு ஒரு சிலர் கையில் பூட்டப்பட்டிருப்பது வேறு. முன்னதை ஏற்று, பின்னதை மாற்றக் கோருவதே முறை.

இக்கோரிக்கை நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. அமெரிக்காவில் கனரக லாரிகளுக்கு இத்தகைய கடும் விதிகள் 2010-லேயே வந்துவிட்டன. அங்குள்ள லாரிக்காரரும் விவசாயிகளும் இதே துன்பத்தை நமக்குப் பத்தாண்டு முன்னரே அனுபவித்தனர். அதன் பயனாக, விவசாய யந்திரங்களைப் பழுதுபார்க்க வேண்டிய கருவிகளையும் விவரங்களையும் உரியவருக்கு வழங்கவேண்டும் என்ற சட்டத்தைக் கொலராடோ மாநிலம் 2023-இல் இயற்றியது. யூரியாக் கரைசல் கோளாறால் வண்டியின் திறன் திடீரெனக் குறைந்துவிடாதவாறு மென்பொருளைத் திருத்தும்படி, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2025 ஆகஸ்டில் உற்பத்தியாளர்களை வலியுறுத்தியது.

நம் நாட்டிலும் முதற்படிகள் வைக்கப்பட்டுள்ளன. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாத குற்றத்துக்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்து, அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. அக்குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் அடங்கும்.

சிறு உரிமையாளர் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. வியாபாரத்துக்கென வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகார். ஆனால் சுயதொழில் மூலம் தம் வாழ்க்கையை நடத்துவதற்காகவே வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்கிறது. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆகவே பணிமனைக்கு வண்டி சென்ற நாள், திரும்பிய நாள், கூறிய குறை, மாற்றிய பாகம் ஆகியவற்றைக் காட்டும் ஜாப் கார்டையும் ரசீதையும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் வேண்டும். வாய்ச்சொல்லுக்கு ஆணையத்தில் மதிப்பில்லை.

உரிமையாளர் கைக்கொள்ளவேண்டியவை

1. நம்பத்தக்க பங்கில் மட்டும் டீசல் போடுக. டீசல் பில்டரில் சேரும் நீரைக் கையேட்டில் கூறியவாறு வடித்துவிடுக.

2. முத்திரை உடையாத ஆட் ப்ளூ கேனை, காலாவதித் தேதி பார்த்து வாங்குக. நீல மூடியுள்ள தொட்டியில் மட்டும் ஊற்றுக. தவறி டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கை அழைத்திடுக.

3. எஞ்சினை நிறுத்தியவுடனே பேட்டரி சுவிட்சைத் துண்டிக்கலாகாது. குழாயில் எஞ்சிய யூரியாக் கரைசலைப் பம்பு திரும்ப இழுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் வேண்டும். இன்றேல் கரைசல் உறைந்து அடைக்கும்.

4. பாடியில் வெல்டிங் வைக்கும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுக. மின்னோட்டம் பாய்ந்தால் கணினி பழுதாகும்.

5. நெல்லும் தவிடும் ஏற்றிய வண்டியை எலிகள் நாடும். அவை ஒயரைக் கடித்துவிட்டால் சென்சார் பழுதென்றே விளக்கு காட்டும். புதிய சென்சார் வாங்குமுன் ஒயரைப் பார்க்கச் சொல்லுக.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊர் மெக்கானிக் ஒருவர் ஸ்கேனர் பயிற்சி பெற்றால் அவ்வட்டாரத்தின் பல வண்டிகள் பயன்பெறும். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை நவீன தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. அருகிலுள்ள நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் ஊர் இளைஞர்களைச் சேர்ப்பதோடு, ஏற்கெனவே பட்டறை நடத்துவோருக்குக் குறுகிய காலப் பயிற்சி வேண்டுமெனக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். இரண்டு மூன்று பட்டறைக்காரர்கள் ஒன்றுகூடி, முத்ரா போன்ற கடனுதவியுடன் பல கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்தும் ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் பொதுவில் பயன்படுத்துவதும் நல்ல வழியாகும். ஊராட்சிக்கென்று எந்த வாகனம் வாங்கினும், விலையை மட்டும் நோக்காது, அருகில் பழுதுபார்க்கும் வசதி உண்டா என்பதையும் உறுப்பினர்கள் விசாரித்தல் வேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர். அன்று அச்சாணி கண்ணுக்குத் தெரிந்தது. ஊர்க் கொல்லர் அதை அடித்துக் கொடுத்தார். இன்று அது சென்சாராகவும் மென்பொருளாகவும் வண்டிக்குள் மறைந்திருக்கிறது. அதை அடையாளங் காணும் அறிவும் கருவியும் ஊர்ப் பட்டறைக்கு வந்து சேருமானால், ஒற்றை லாரியை நம்பி வாழும் குடும்பமும் அந்த லாரியை நம்பி விளைவிக்கும் விவசாயியும் தலைநிமிர்ந்து நிற்பர். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளும் இடம்பெறுவதாக!